இறக்கத்தைக் கடைசி நாளுக்கு வையுங்கள்

கேள்வி: பொங்கல் விடுமுறையில் கொடைக்கானலில் மூன்று நாள் தொடர்ந்து நடக்கப் போகிறோம். முதல் நாள் வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குகிறோம். பஸ்ஸில் மேலே திரும்பி, அடுத்த இரண்டு நாளும் பூம்பாறை, மன்னவனூர். போன முறை மறுநாள் காலையில் தொடை பிடித்துக்கொண்டது. லாக்டிக் அமிலம் தேங்குவதுதான் காரணம், கிளம்பும்போதே வலி மாத்திரை போட்டுக்கொள் என்கிறான் ஜிம்முக்குப் போகும் நண்பன். சரியா?
- ஒரு வாசகர், ஆயக்குடி

பதில்: லாக்டிக் அமிலம் பாவம். நடந்து முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பழையபடி ஆகிவிடும். மறுநாள் வலி இறக்கத்தின் வேலை. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து பிரேக் போடுகிறது. அதில் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். கொடைக்கானலில் பிசியோதெரபி பார்க்கிறேன். வருகிறவர் வாசல்படி இறங்கும் அழகிலேயே தெரிந்துவிடும். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவார்.

நீங்கள் அந்த இறக்கத்தை முதல் நாளே வைத்திருக்கிறீர்கள்! அப்படியே திருப்பிப் போடுங்கள். பூம்பாறை, மன்னவனூர் முதலில், கும்பக்கரை கடைசியில். வலி உச்சத்துக்கு வரும்போது வீட்டில் இருப்பீர்கள். (அந்தக் காட்டுப் பாதையில் இறங்க அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.)

உங்களுக்கு இன்னொரு வசதி, பழனி பக்கத்திலேயே இருக்கிறது. புறப்பட ஒன்றிரண்டு வாரம் முன்பு மலைக்கோயில் படிகளில் இறங்கிப் பழகுங்கள். ஒருமுறை இறக்கத்தில் அடிபட்ட தசை அடுத்த முறை அவ்வளவு பாதிக்கப்படாது; இந்தப் பாதுகாப்பு சில வாரம் நிற்கும். விஞ்சில் ஏறிப் படியில் இறங்கினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நடந்து முடித்த மாலையில் சோறோ சப்பாத்தியோ வயிறாரச் சாப்பிடுங்கள், கூடவே புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. ஒரு வேளைக்கு 20 கிராமாவது வேண்டும். ஆகவே இரண்டு முட்டையோடு சுண்டலும் பருப்பும் சேருங்கள். குளிரில் தாகம் தெரியாது, நினைவு வைத்துத் தண்ணீர் குடியுங்கள். ஸ்ட்ரெச்சிங் இந்த வலியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. எண்ணெய் தேய்ப்பது சுகம்தான், போட்டுப் பிசையாமல் இருந்தால் சரி. எல்லாவற்றையும்விட முக்கியம் தூக்கம். அறையில் விடிய விடிய சீட்டாடுகிற கோஷ்டிக்கு நான் எந்த வைத்தியமும் சொல்வதில்லை. மறுநாள் காலை முதல் அரை மணி நேரம் மெதுவாக நடங்கள், இறுக்கம் தளரும்.

வலி மாத்திரை வேண்டாம். தண்ணீர் வற்றிய உடம்பில் ஐபுப்ரொஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ நடையை நிறுத்தி உடனே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மலை இறங்கினால் கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிடுகிறதே?
- ஒரு வாசகி, வத்தலக்குண்டு

பதில்: விரல் ஷூவின் முன்பக்கத்தில் போய் இடிக்கிறது. இரண்டு நாள் முன்பே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஷூ வாங்கும்போது முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கட்டும். கடைக்கு மாலையில் போங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். இறக்கம் தொடங்குமிடத்தில் உட்கார்ந்து, கணுக்கால் பக்கம் மட்டும் லேஸை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.