நீச்சலும் வயலினும்: அமெரிக்கக் கல்லூரி அட்மிஷன் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மகள் பத்தாவது படிக்கிறாள். 100 யார்டு பட்டர்ஃப்ளை நீந்துகிறாள், எட்டு வருடமாக வயலினும் வாசிக்கிறாள். டீமில் சேர்க்கக் கேட்டுக் கல்லூரி நீச்சல் கோச்சுக்கு எழுதும் மெயிலில் இரண்டையும் சொல்லலாமா?

பதில்: வயலினுக்குக் கடைசியில் ஒரு வரி போதும். கோச் தேடுவது டைம். பள்ளி முடிக்கும் ஆண்டு, ஸ்ட்ரோக், பெஸ்ட் டைம் மூன்றும் சப்ஜெக்ட் வரியிலேயே இருக்கட்டும். என் மகனுக்காக முதலில் ஒன்றரைப் பக்கம் எழுதினோம், செஸ், ரோபோடிக்ஸ் எல்லாம் சேர்த்து. ஒருவரும் பதில் போடவில்லை. ஆறு வரியாகச் சுருக்கி அவனே அனுப்பிய பிறகுதான் பதில் வந்தது. மெயிலை மகளே எழுதட்டும். அப்பா அம்மா எழுதினால் கோச்சுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று, நீச்சலில் முதல் பிரிவு (கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் மேல்மட்டம், டிவிஷன் 1) கோச்சுகள் பத்தாவது முடிந்து ஜூன் 15க்குப் பிறகுதான் மாணவரோடு ரெக்ரூட்டிங், அதாவது டீமுக்கு ஆள் எடுப்பது பற்றிப் பேசலாம். அதுவரை பதில் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம்.

வயலினுக்கு வேறு வாசல் இருக்கிறது. விண்ணப்பத்தோடு வாசித்ததைப் பதிவு செய்து அனுப்பப் பல கல்லூரிகள் அனுமதிக்கின்றன. அதைக் கேட்பவர்கள் இசைத் துறைக்காரர்கள்.

கேள்வி: ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் உண்டா?

பதில்: கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டும்தான். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று பணம் இல்லை.

கேள்வி: "உனக்கு இடம் இருக்கிறது" என்கிறார் கோச். நம்பலாமா?

பதில்: டீமில் இடமா, கல்லூரியில் இடமா? முடிவெடுப்பது அட்மிஷன் ஆபீஸ். பதினொன்றாவது முடிந்ததும் ஜூலையில் மார்க்குகளை அவர்களிடம் காட்டி முன்கூட்டியே கருத்துக் கேட்கும்படி கோச்சிடம் சொல்லுங்கள், "ப்ரீ-ரீட்" என்பார்கள். "நீங்கள் ஆதரித்தவர்களில் போன வருடம் எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை?" என்றும் தயங்காமல் கேளுங்கள். எம்ஐடி போன்ற இடங்களில் கோச் பரிந்துரைக்க மட்டுமே முடியும். எர்லி டிசிஷன், அதாவது ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே உறுதியாக விண்ணப்பம் போடச் சொன்னால், கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: சேர்ந்த பிறகு இரண்டையும் தொடர முடியுமா?

பதில்: என்னைக் கேட்டால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கவே இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முதல் பிரிவில் சீசனின்போது வாரம் அதிகபட்சம் 20 மணி நேரப் பயிற்சி என்பது விதி. பயண நேரம் அதில் சேராது. கேம்பஸ் பார்க்கப் போகும்போது டீமில் வாத்தியம் வாசிக்கும் ஒரு பிள்ளையைத் தேடிப் பிடித்து, ஆர்கெஸ்ட்ரா ரிகர்சல் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு பிள்ளையும் டீமில் இல்லையென்றால் நான் அந்தக் கல்லூரிக்கு என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.