செஃப் கத்தியா, கறிக்கடைக் கத்தியா? பட்டறைக்காரருக்கு ஒரு கணக்கு

கேள்வி: மதுரைப் பக்கம் தாத்தா காலத்துப் பட்டறை, நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். எனக்கு வயது 37. அருவாமனை 450 ரூபாய்க்குப் பாத்திரக்கடைக்குப் போகிறது. இரும்பு, கரி, கட்டை எல்லாம் சேர்த்து 160 செலவு, 2 மணி நேர வேலை. கறிக்கடைக் கத்தி 700, செலவு 190, இரண்டரை மணி நேரம். இளநீர் அரிவாள் 900, செலவு 280, 3 மணி நேரம். ஒரு வருடமாக இன்ஸ்டாகிராமில் செஃப் கத்தி விற்கிறேன், 3,500 ரூபாய். பொருள் 650, பார்சல் 250, 12 மணி நேரம் ஆகிறது. தோய்ச்சலில், அதாவது காய்ச்சிய கத்தியை முக்கிக் கடினமாக்கும்போது, ஐந்துக்கு ஒன்று வளைந்தோ கீறல் விட்டோ வீணாகிவிடும். பெங்களூரு ஆர்டர்தான் அதிகம். சாணை பிடிக்க 40 ரூபாய் வாங்குகிறோம், பத்து நிமிட வேலை. மற்றதை விட்டுவிட்டு செஃப் கத்தி மட்டும் செய்யலாமா? 3 லட்சம் கடன் வாங்கி பவர் ஹாமர் (இயந்திரச் சம்மட்டி) போடலாமா? வேட்டைக் கத்தியும் சிலர் கேட்கிறார்கள்.

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஏன் என்று உங்கள் எண்களை வைத்தே சொல்கிறேன்.

ஒரு கத்திக்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துத்தான் 3,500 உங்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் பட்டறையில் இருப்பது ஒரு உலை, இரண்டு பேர் கை. அதனால் செலவு போக ஒரு மணி நேரத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். அருவாமனையில் 145 ரூபாய், கறிக்கடைக் கத்தியில் 204, இளநீர் அரிவாளில் 207 கிட்ட வருகிறது. செஃப் கத்தியில் 2,600-ஐ 12-ஆல் வகுத்தால் 217, சரி, எல்லாவற்றையும் விடக் கூடத்தான். ஆனால் போட்டோ எடுப்பது, இரவு பதினோரு மணிக்கு "பிடி வேற கலர்ல கிடைக்குமா" என்று கேட்பவருக்குப் பதில் போடுவது, பார்சல் கட்டிக் கூரியருக்குக் கொண்டுபோவது, இதற்கெல்லாம் நீங்கள் நேரமே போடவில்லை. கத்திக்கு 3 மணி நேரம் என்று வைக்கிறேன், குறைவாகத்தான் வைக்கிறேன். வீணாகும் ஐந்தாவது கத்தியில் 5 மணி நேரமும் 400 ரூபாய் பொருளும் போகிறது என்று வையுங்கள். நான்கு கத்தி விற்று 14,000 வருகிறது, செலவு 4,000, உழைப்பு 65 மணி நேரம். மணிக்கு 154 ரூபாய்தான் நிற்கிறது, அருவாமனையை விட ஒன்பது ரூபாய் அதிகம், அவ்வளவுதான்.

பெங்களூருக்கு அனுப்புவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்றால் வருட விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்றால் அந்தச் சலுகை கிடையாது. சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, உங்கள் கத்தி அதில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்காமல் இனி ஒரு பார்சலும் அனுப்பாதீர்கள். சமையல் கத்திக்கு 2022 ஜூலையில் வரி 12-லிருந்து 18 சதவீதமாக ஏறியது. 3,500-க்குள்ளேயே அந்த வரியையும் அடக்கினால் மணிக்கு 121-க்கு இறங்கிவிடும். பதிவு எடுத்துவிட்டால் உள்ளூர்க் கறிக்கடைக் கத்திக்கும் வரி போட வேண்டும், கறிக்கடை பாய் 700-க்கு மேல் தர மாட்டேன் என்றால் அங்கேயும் 204 ரூபாய் 161 ஆகிவிடும். அரிவாளுக்கு இந்தத் தலைவலி இல்லை, விவசாயக் கைக்கருவி என்ற கணக்கில் அதற்கு வரியே கிடையாது.

அதற்காக செஃப் கத்தியை விட்டுவிடச் சொல்லவில்லை, விலை தப்பு என்கிறேன். அரிவாள் தரும் 207 ரூபாயாவது அதில் நிற்க வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் 4,400, வரியோடு வெளி மாநிலத்துக்கு 5,200. சென்னை, கோவையில் 4,400 சொல்லிப் பாருங்கள், பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகு உலையை மூட்டுங்கள். அந்த விலை கொடுப்பவருக்குப் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிக்காதீர்கள். வருடக்கணக்காகப் பாரம் தாங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும், அது தோய்ச்சலில்தான் வாய் திறக்கும். தரம் தெரிந்த புது ஸ்பிரிங் ஸ்டீல் வாங்கினால் பொருள் செலவு கொஞ்சம் ஏறும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே சூட்டில் ஒரே மாதிரி தோய்ச்சல் நிற்கும், வீணாவது குறையும். மாதத்துக்கு நாலைந்துக்கு மேல் எடுக்க வேண்டாம்.

அன்றாடச் சோற்றுக்குக் கறிக்கடைக் கத்தியும் இளநீர் அரிவாளும். போகிற போக்கில் சாணை பற்றி எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கடிதத்திலேயே நல்ல வருமானம் அதுதான். பத்து நிமிடத்துக்கு 40 என்றால் மணிக்கு 240, இரும்பும் வேண்டாம் கரியும் வேண்டாம். கறிக்கடைக்காரரும் இளநீர்க்காரரும் கத்தியைத் தேய்த்துத் தேய்த்து உங்களிடமே திரும்பி வருவார்கள், பெங்களூருக்காரர் வரமாட்டார்.

வேட்டைக் கத்தி வேண்டவே வேண்டாம். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனதாக இல்லாவிட்டால், ஆயுத விதிகளுக்குள் வந்துவிடும். அரிவாள் வாங்குபவரின் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார் என்பதை எழுதி வைக்கும்படி 2021-லேயே காவல்துறை பட்டறைகளுக்குச் சொன்னது. அந்த நோட்டு உங்களிடம் இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று வாங்குங்கள்.

அப்புறம் கடன். செஃப் கத்தியின் 12 மணி நேரத்தில் அடிப்பது எவ்வளவு, தீட்டுவதும் பிடி போடுவதும் எவ்வளவு என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் நேரத்தைத் தின்பது அரமும் சாணையும்தான், சம்மட்டி இல்லை. அப்படியென்றால் முதலில் வாங்க வேண்டியது நல்ல பெல்ட் கிரைண்டர், அது பவர் ஹாமர் விலையில் சின்னப் பங்குதான் வரும். 35 வயது தாண்டியவர்களுக்குத் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு, வட்டியிலும் சலுகை இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள், ஆனால் மானியம் கிடைக்கிறதே என்று முழு 3 லட்சத்தையும் வாங்கிவிடாதீர்கள்.

மிச்சம் அருவாமனை. பாத்திரக்கடையில் 600 கேளுங்கள், கொடுத்தால் மணிக்கு 220 நிற்கும், முதல் வரிசைக்கு வந்துவிடும். 550-க்குக் கீழே பேசினால் அடுத்த லோடு வேறு பட்டறையில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.