மறுசுழற்சி பிளாஸ்டிக் கார்டு வாங்கலாமா?

கேள்வி: மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் செய்த கிரெடிட் கார்டு என்று ஒரு வங்கி விளம்பரம் செய்கிறது. சுற்றுச்சூழல் அக்கறை உள்ள நான் அதை வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வாங்கலாம், ஆனால் ஒரு கார்டின் எடை ஏறக்குறைய 5 கிராம்தான். நீங்கள் செலுத்தும் வட்டியும், நீங்கள் கார்டில் பணம் கட்டும்போது கடைக்காரர் தரும் கட்டணத்தில் ஒரு பங்கும் வங்கிக்குப் போகின்றன. அந்த வங்கி நிலக்கரி மின் நிலையத்துக்குக் கடன் கொடுக்கிறதா, சூரிய மின்சக்திக்குக் கொடுக்கிறதா என்பதே பெரிய கேள்வி. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், தங்கள் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு குறித்த அறிக்கையை 2022-23 நிதியாண்டு முதல் வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியிருப்பதால், பெரிய வங்கிகளின் அறிக்கைகளை அவற்றின் இணையதளத்திலேயே நீங்கள் படிக்கலாம். அலுவலக எல்.இ.டி. விளக்குகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடன் கொடுத்த துறைகளைப் பற்றி வாய் திறக்காத வங்கியை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

வங்கியின் நேர்மைக்கும் உரைகல் உண்டு. கேட்காமலேயே கார்டு அனுப்புவதை ரிசர்வ் வங்கி தடை செய்துள்ளது. பாக்கி எதுவும் இல்லாதபோது, கார்டை ரத்து செய்யக் கோரிய 7 வேலை நாட்களுக்குள் வங்கி அதை முடிக்க வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். மேலும், ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ. செயலியில் இணைத்துக்கொண்டால், க்யூ.ஆர். குறியீடு உள்ள கடைகளில் பிளாஸ்டிக் அட்டையை எடுக்கவே தேவையிராது.