வட அமெரிக்கக் காடுகளில் உலவுவதாகச் சொல்லப்படும், உடம்பெல்லாம் முடியுள்ள மனித உருவ விலங்கான சாஸ்குவாட்சை நேரில் பார்த்தேன் என்று சொல்பவர்கள் எல்லாருமே பொய் சொல்கிறார்களா?

இல்லை. புரளி கிளப்பியவர்கள் உண்டுதான். 1958-ல் வடக்குக் கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக்கில் சாலை போடும் இடத்தில் ராட்சதக் காலடித் தடங்கள் தெரிந்தன. சாஸ்குவாட்சுக்கு 'பிக்ஃபுட்' என்ற பெயர் செய்தித்தாள்கள் வழியே பரவியது அப்போதுதான். அங்கே வேலை எடுத்திருந்த ரே வாலஸ் 2002-ல் இறந்ததும், மரத்தில் செதுக்கிய பாதங்களால் அவர் பதித்த தடங்கள் அவை என்று குடும்பத்தாரே சொல்லிவிட்டார்கள்.

ஆனால் வில்லியம் ரோவை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், 1955-ல் மைக்கா மலையில் ஏறும்போது தூரத்தில் ஏதோ தெரிய, கரடி என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். அது 20 அடி தூரம் வரை வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிளையை இழுத்துப் பல்லால் இலை உருவித் தின்றதாம். ஆறடி உயரம், உடம்பெல்லாம் முடி, பெண் உருவம். துப்பாக்கியைத் தூக்கியவர், மனித இனம் என்று தோன்றியதால் சுடாமல் இறக்கிவிட்டார். இதை 1957-ல் பிரமாணப் பத்திரமாகவே எழுதிக் கொடுத்தார். எப்போது படித்தாலும், இந்த மனிதர் தான் நம்பியதைத்தான் சொல்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக அந்த விலங்கு இருக்கிறது என்று ஆகிவிடாது. நடந்ததற்கும் எழுதிக் கொடுத்ததற்கும் நடுவே இரண்டு வருடம் இருக்கிறது. நினைவு அப்படியே உறைந்து கிடக்கும் பொருள் அல்ல. உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1974-ல் ஒரே கார் விபத்துப் படத்தைப் பலருக்குக் காட்டினார். 'மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?' என்று கேட்கப்பட்டவர்களில், வெறுமனே 'மோதியபோது' என்று கேட்கப்பட்டவர்களைவிடக் கூடுதலான பேர், ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லையே!

அப்புறம், கருங்கரடி பின்னங்காலில் எழுந்து நிற்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் கருங்கரடி அதிகமுள்ள பகுதிகளில் சாஸ்குவாட்ச் காட்சிகளும் அதிகம் என்று ஆய்வாளர் ஃப்ளோ ஃபாக்ஸன் புள்ளிவிவரத்தோடு காட்டியிருக்கிறார். 1970-களில் எஃப்.பி.ஐ., சாஸ்குவாட்சுடையதாக இருக்கலாம் என்று அனுப்பப்பட்ட ஒரு முடி மாதிரியைச் சோதித்தது. அது மானின் முடி.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் கதை ஏன் சாகவில்லை? அது பிளஃப் கிரீக்கில் பிறந்த கதை இல்லை என்பதால்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹாரிசன் ஆற்றங்கரையில் வாழும் ஸ்டஹேலிஸ் பழங்குடியினருக்கு, தலைமுறை தலைமுறையாக அவர்கள் நிலத்தைக் காக்கும் உயிர் அது. அவர்களிடம் போய் எலும்பு எங்கே, மரபணு எங்கே என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விலங்கியல் சான்று கேட்க வேண்டியது, விலங்கு என்று உரிமை கோருபவர்களிடம்.

யாராவது உங்களிடம் பார்த்தேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, எத்தனை நொடி, முதலில் என்னவென்று நினைத்தீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மட்டும் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.