வெண்ணெயை அடுப்புமேட்டில் வை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிறந்து வளர்ந்தது குன்னூர். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். அம்மா போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய சமையல் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதில் உள்ளபடியே வெண்ணெய் கேக் செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் எழும்பாமல் அடை மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. அம்மா எழுதியதில் ஒரு வரியைக்கூட மாற்ற மனசு வரவில்லை. எங்கே தப்பு, அக்கா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: நோட்டுப் பக்கத்தை நகலெடுத்து அனுப்பினீர்களே, நல்லதாகப் போயிற்று. ‘2 டம்ளர் மைதா, 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், பால் கொஞ்சம் கூடவே. வெண்ணெயை ராத்திரியே எடுத்து அடுப்புமேட்டில் வை.’ கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் குன்னூர்க்காரிதான். எங்கள் அம்மாவும் அதையேதான் செய்வாள்.

டிசம்பர் ராத்திரியில் அங்கே வெண்ணெய் இறுகிக் கிடக்கும், கரண்டி இறங்காது. அடுப்பு அணைந்த பிறகும் மேட்டில் இருக்கும் சூட்டில் விடியற்காலைக்குள் பதமாகிவிடும். சென்னையில் அதே வெண்ணெயை ராத்திரி முழுக்க வெளியே வைத்தால் காலையில் எண்ணெய்தான் இருக்கும். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பது இனிப்பு கலப்பதற்காக மட்டும் இல்லை. சர்க்கரைப் பரல் உரச உரச வெண்ணெய்க்குள் காற்று ஏறும். பிறகு அடுப்பில் கேக் எழும்புவதற்கு அந்தக் காற்றுதான் ஆதாரம். உருகிப்போன வெண்ணெயில் காற்று நிற்காது. அதனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் மட்டும் வையுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரல் உள்ளே போய்விடக் கூடாது. மே மாதமென்றால் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியுங்கள்.

அடுத்தது பேக்கிங் பவுடர். குன்னூர் ஏறக்குறைய 6,000 அடி உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேலிருந்து அமுக்கும் காற்று குறைந்தால் மாவுக்குள் இருக்கும் குமிழ்கள் வேகமாக ஊதிப் பெரிதாகும். கேக் வேகும் முன்பே பொங்கி, அப்புறம் நடுவில் குழிந்துவிடும். அதனால்தான் மலையில் பவுடரைப் பாதியாக்குவார்கள். தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும் என்பதால் பாலைக் கொஞ்சம் கூட்டுவார்கள். உங்கள் அம்மாவின் அளவு தப்பே இல்லை. மலைக்காக ஏற்கெனவே மாற்றி வைத்த அளவு அது. அவர் அங்கே குறைத்ததை நீங்கள் இங்கே திரும்பப் போடுகிறீர்கள், அவ்வளவுதான். 2 டீஸ்பூன் போடுங்கள், தலைதட்டி. அந்த உபரிப் பால் வேண்டாம். மாவு கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி விழுந்தால் போதும். ஓவன் 175 டிகிரி. நோட்டில் அடித்துத் திருத்த வேண்டாம், ஓரத்தில் பென்சிலால் ‘சென்னைக்கு 2’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

டம்ளர் என்றால் எந்த டம்ளர் என்று கேட்டீர்களா? அது உங்கள் அண்ணன் வீட்டிலோ தம்பி வீட்டிலோ இருக்கும், விசாரியுங்கள். கிடைத்தால் அதில் தண்ணீர் பிடித்து எடை போட்டு, எத்தனை மில்லி என்று குறித்துக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினையில் நோட்டைக் கேட்டு வாங்குகிறவர்கள் டம்ளரை ஏன்தான் விட்டுவிடுகிறார்களோ!

எல்லாம் சரியாக வந்தாலும் ஒன்று மட்டும் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டியிடம் அம்மா கேக் கற்றுக்கொண்டாள். அலுமினியக் குண்டானில் மூன்று விரல்கடை மணல். அது நன்றாகக் காய்ந்ததும் அதன்மேல் மாவு ஊற்றிய தட்டு. மூடிமேல் சீகை விறகின் தணல். மூடிக்கு மேலே உள்ளங்கையைக் காட்டுவாள். கை தாங்கவில்லை என்றால் இடுக்கியால் இரண்டு தணலை எடுத்துப் போட்டுவிடுவாள். வெந்துவிட்டதா என்று பார்க்க ஈர்க்குச்சி. கேக்கின் மேல்தோலில் லேசாகப் புகைவாசம் ஏறியிருக்கும். கரண்ட் ஓவனில் அது வரவே வராது. வெனிலாவை இரண்டு சொட்டு கூட்டினாலும் வராது, வீணாகக் கூட்டாதீர்கள்.

கேள்வி: பேங்க் வேலையில் கொடைக்கானலுக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். மதுரையில் அம்மா செய்வது போலவே இட்லிக்கு அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்று போட்டு அரைக்கிறேன். மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது, பருப்பும் வேகவில்லை. அம்மாவின் கைப்பக்குவம் எனக்கு வரவில்லையோ?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை தம்பி. மதுரை வெயில் உங்கள் அம்மாவுக்குச் சும்மா செய்துகொடுத்த வேலை அது. கொடைக்கானலில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள். வெந்தயம் ஒரு ஸ்பூன் கூட. உளுந்தையும் ஒரு பிடி கூட்டுங்கள். உப்பைப் போட்டுக் கையால் கலக்கிப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வையுங்கள். எங்கள் வீட்டில் மாவுக்கென்றே ஒரு பழைய கம்பளி இருந்தது. அதைப் போர்த்திக்கொண்டு படுத்தால் திட்டு விழும். அப்படியும் ஒரு ராத்திரியில் பொங்காது, மறுநாள் சாயங்காலம் வரை விடுங்கள்.

பருப்பு வேகாததற்கும் உயரம்தான் காரணம். 7,000 அடியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடேறாது. திறந்த பாத்திரத்தில் வேகவைத்து மல்லுக்கட்டாதீர்கள். ஒரு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் போட்டு, வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்கள். சாம்பாருக்கு அந்த ஊர் மலைப்பூண்டை நாலு பல் தட்டிப் போடுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, காரம் தூக்கலாக இருக்கும். அம்மா வந்தால் ஒரு கிலோ கட்டிக்கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: அம்மா ஞாபகமாக ஊட்டி வர்க்கியை வீட்டிலேயே செய்யலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: செய்யலாம், ஆனால் எதற்கு? மாவை மடித்து மடித்து விறகு அடுப்பில் சுட்டெடுக்கிற பேக்கரி வேலை அது. மலையில் எந்த அம்மாவும் வர்க்கி சுட்டு நான் பார்த்ததில்லை. கடையில் வாங்கி, டப்பாவில் போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மேல் அலமாரியில் வைப்பார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வருஷத் திதி வருகிறது. அவருக்கு உயிர் என்றால் பழ கேக்தான். படையலில் கேக் வைத்தால் தப்பா? மாமியார் முகம் சுளிக்கிறார்.
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: எங்கள் தாத்தா படையலில் சுருட்டு வைத்தோம், யாரும் எதுவும் சொல்லவில்லை. போனவருக்குப் பிடித்ததை வைப்பதுதானே படையல். மாமியாருக்கு உறுத்துவது முட்டையாக இருக்கலாம், மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அதுதான் என்றால் முட்டைக்குப் பதில் தயிர் விட்டுச் செய்துவிடலாம். ஐயர் வந்து செய்கிற திதி என்றால் அந்த இலையில் அவர் சொல்வதை மட்டும் வைத்து முடியுங்கள். சாயங்காலம் விளக்கேற்றும்போது படத்துக்கு முன்னால் கேக்கை வைத்தால் யார் தடுக்கப்போகிறார்கள்? மாமியாருக்கும் ஒரு துண்டு கொடுங்கள். அன்றைக்குக் காலையில் அவசரமாகச் செய்ய வேண்டாம், நாலு நாள் முன்பே செய்து காற்றுப் புகாமல் மூடிவிடுங்கள். பழ கேக் ஊற ஊறத்தான் ருசி.