பட்டன் அமுக்குகிற வேலை: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

பட்டறைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். ஐ.டி.ஐ. டர்னர் முடித்துவிட்டு, கோவை குறிச்சி சிட்கோவில், மற்ற கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கிற ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில், கம்ப்யூட்டர் ப்ரோக்ராமில் ஓடுகிற சி.என்.சி. மெஷின் ஆபரேட்டராக மூன்று வருடமாக இருக்கிறேன். பெரும்பாலும் மோட்டார், பம்பு பாகங்கள். டூலைப் பொருத்தி, மெஷினை அளவுக்குக் கொண்டுவருவதுதான் செட்டிங். செட்டிங் எல்லாம் செட்டர் பார்த்துக்கொள்வார். நான் பீஸை மாட்டி, கதவைச் சாத்தி, பட்டனை அமுக்கி, கழற்றி, அளந்து அடுக்குவேன். 12 மணி நேர ஷிஃப்ட். கூடப் படித்தவன் சாப்பாடு டெலிவரிக்குப் போய் என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறான். போன மாதம் பெண் பார்க்கப் போன இடத்தில் “பட்டன் அமுக்குற வேலைதானுங்களா?” என்று கேட்டுவிட்டார்கள். இனி ரோபோவே பீஸ் மாட்டும் என்று எங்கள் ஓனரும் சொல்கிறார். இதிலேயே இருக்கலாமா?

ம., கோவை

அன்புள்ள ம.,

“செட்டிங் எல்லாம் செட்டர் பார்த்துக்கொள்வார்” என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். டெலிவரி, ரோபோ, பெண் வீடு எல்லாம் அதற்குப் பிறகு.

மோட்டாரின் பக்க மூடி, அதாவது எண்ட் கவர் ஓட்டியிருப்பீர்கள். அதில் 6204 பேரிங் உட்கார 47 மி.மீ. போர், அதாவது கடைந்த துளை. டிராயிங்கில் எச்7 என்று போட்டிருந்தால் 47-க்குக் கீழே ஒரு மைக்ரான்கூட (ஆயிரத்தில் ஒரு மி.மீ.) இறங்கக் கூடாது, மேலே 25 மைக்ரான் வரை போகலாம். காலையில் செட்டர் 47.015-ல் நிறுத்திக் கொடுத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடுகிறார். அதோடு அளவு நின்றுவிடுமா? பீஸ் ஓட ஓட வெட்டுகிற இன்சர்ட் நுனி தேய்கிறது, போர் சிறுத்துக்கொண்டே வருகிறது. பீஸைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் சூடேற ஏற மெஷினும் தன் பங்குக்குக் கொஞ்சம் நகர்கிறது. டீக்குப் போய்விட்டு வந்து ஓட்டுகிற முதல் பீஸ் முந்தையதைப் போல வராது என்பது உங்களுக்கே தெரியும்.

இதற்கு மேல் சூட்டின் விளையாட்டு வேறு. வார்ப்பிரும்பைப் பல இடங்களில் கூலன்ட் இல்லாமல் ஓட்டுவார்கள். பீஸ் கைக்கு வரும்போது, துளையை அளக்கிற போர் கேஜைவிட 20 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால், 47 மி.மீ. போர் கிட்டத்தட்ட 10 மைக்ரான் பெரிதாகக் காட்டும். அலுமினியமாக இருந்தால் இரண்டு மடங்குக்கும் மேல். டயலில் 47.006 என்று பார்த்து ஓகே போட்டு அடுக்குகிறீர்கள். ஆறியதும் அதே பீஸ் 46.996. குறைந்தபட்ச அளவைச் சோதிக்கிற கோ கேஜ் இறங்காது. மாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு டிரே முழுக்கத் திரும்பி வரும்.

47.006 என்று பார்த்த அந்த இடத்தில், “இது சூட்டுக் கணக்கு” என்று தெரிந்து, டூல் தேய்மானத்தைத் திருத்துகிற வேர் ஆஃப்செட் பக்கத்தில் எக்ஸுக்கு (விட்டத்துக்கு) பிளஸ் 15 மைக்ரான் கொடுத்து, அடுத்த பீஸை ஆறவிட்டு அளக்கிறவர்தான் ஆபரேட்டர். அந்தப் பக்கத்தையே திறக்கவிடாமல் கீ போட்டுப் பூட்டிவைத்த கம்பெனியில் நீங்கள் பெண் வீட்டார் சொன்ன வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்காகத் தொழிலைக் குறை சொல்லவும் முடியாது.

ஓனர் பூட்டுவதற்கும் காரணம் உண்டு. 0.01 போட வேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் 0.1 போட்டிருப்பார், அல்லது மைனஸ் போட்டிருப்பார். இலக்கம் இன்னும் பெரிதாகத் தவறி, பீஸைப் பிடிக்கிற சக்கில் டூல் போய் இடித்தால் போரிங் பாரும் இன்சர்ட்டும் போவதோடு ஸ்பிண்டில் அலைன்மென்ட்டும் கெடும். ஆனால் நைட் ஷிஃப்ட்டில் செட்டர் வீட்டில் தூங்கும்போது அளவு ஓடினால் என்ன செய்வதாக உத்தேசம்? போன் போட்டு எழுப்புவார்கள், இல்லையென்றால் விடியும்வரை ரிஜெக்‌ஷன் ஓட்டுவார்கள். அந்த நஷ்டத்தை எந்த முதலாளியும் கூட்டிப் பார்ப்பதில்லை.

ரோபோ விஷயம். ஒரே பீஸை மாதக்கணக்கில் லட்சக்கணக்கில் ஓட்டுகிற ஆட்டோமொபைல் கம்பெனிகளில் தானே மாட்டிக் கழற்றும் மெஷின்கள் எப்போதோ வந்துவிட்டன. தானே அளந்து தானே ஆஃப்செட் திருத்துவதும் உண்டு. வாரத்துக்கு மூன்று ஐட்டம் மாற்றுகிற ஜாப் ஒர்க் பட்டறைக்கு அது அவ்வளவு சீக்கிரம் கட்டுப்படியாகாது. வந்தாலும் மாட்டிக் கழற்றுகிற கையைத்தான் முதலில் வெளியே அனுப்பும். பீஸைக் கவ்வுகிற ஜா கடைந்து, டூல் ஆஃப்செட் எடுத்து, முதல் பீஸை அளவுக்குக் கொண்டுவரத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கம் ஒரு சுற்று போய்வாருங்கள், கேட்டுகளில் “செட்டர் தேவை” என்று தொங்கும்.

நண்பருடைய வருமானத்தில் பெட்ரோலும் வண்டித் தேய்மானமும் கழித்ததா என்று கேட்டுப் பாருங்கள். கழித்த பிறகும் அவர் கையில் அதிகம் நிற்கிறது என்றால், உங்கள் ஓனர்தான் வெட்கப்பட வேண்டும். அதே சமயம் உங்கள் சம்பளச் சீட்டையும் பாருங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா? உங்களிடம் 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. வேலையில் அடிபட்டுப் படுத்தால் குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் அதில்தான் வரும். பத்துப் பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. கட்டாயம் என்பதால் ரெஜிஸ்டரில் ஒன்பதோடு நிறுத்துகிற மகராசன்களும் இருக்கிறார்கள். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போனால் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். 12 மணி நேர ஷிஃப்ட்டை ஒற்றைக் கூலியில் ஓட்டுவது ஊர் வழக்கமாகிவிட்டது என்பதற்காக அது சட்டமாகிவிடாது.

“கதவைச் சாத்தி” என்று எழுதியிருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. சில விநாடி மிச்சம் பிடிக்க, டோர் ஸ்விட்சில் எதையாவது சொருகிவைத்துத் திறந்த கதவோடு ஓட்டுகிற இடங்கள் நிறைய. மேனுவல் லேத்தில் நிற்க நேர்ந்தால் ஓடுகிற ஜாப்பை எமரி ஷீட் சுற்றிய விரலால் பாலிஷ் போடாதீர்கள். கிளவுஸும் வேண்டாம். ஷீட்டோ துணியோ மாட்டிக்கொண்டால் கையைச் சேர்த்து இழுத்துவிடும்.

இனி செய்ய வேண்டியது. ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். பீஸ் நம்பர், நேரம், சூட்டில் எவ்வளவு, ஆறியபின் எவ்வளவு, செட்டர் எப்போது வந்து எத்தனை மைக்ரான் மாற்றினார், எல்லாம் எழுதுங்கள். சும்மா நிற்கிற சைக்கிள் டைமில் ஸ்கிரீனில் ஓடுகிற ப்ரோக்ராமை வரி வரியாகப் பார்த்து, எந்த ஜி01-க்கு (நேர்கோட்டில் வெட்டச் சொல்லும் கட்டளை) எந்த டூல் எங்கே நகர்கிறது என்று பழகுங்கள். செட்டரிடம் கேட்டு ஐட்டம் மாற்றும்போது கூட நில்லுங்கள். சில செட்டர்கள் முதுகால் மறைத்துக்கொண்டு செய்வார்கள், அதையும் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு மாதம் கழித்து நோட்டோடு ஓனரைப் பார்த்து, 20 மைக்ரான் வரை நானே திருத்திக்கொள்கிறேன், அதற்கு மேல் செட்டரைக் கூப்பிடுகிறேன் என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் இருங்கள். முடியாது என்றால் கம்பெனியை மாற்றுங்கள், டெலிவரி பையைத் தூக்க வேண்டாம்.

இன்னொன்று, இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். வேலையை விட முடியாது என்றால் பகுதிநேர டிப்ளமோ எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஷிஃப்ட் ஒத்துவருமா என்று பார்த்துக்கொண்டு மே மாதத்திலேயே விசாரித்துவிடுங்கள்.