மகள் புதிய ஏற்பாட்டு ஆய்வு படிக்கப்போகிறேன் என்கிறாள்: ஓர் அப்பாவுக்கு எழுதிய பதில்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

சனிக்கிழமை பேசி முடித்து வாசல்வரை போனவர், திரும்பி வந்து, "படிச்சு முடிச்சா சாப்பாட்டுக்கு வழி உண்டா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். பாப்பா பக்கத்தில் நின்றதால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

முதலில், அவள் கேட்பது என்ன என்று பார்ப்போம். நீங்கள் "பைபிள் காலேஜ்" என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவள் ஊழியத்துக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. புதிய ஏற்பாட்டு நூல்கள் எந்த மொழியில், எந்தச் சூழலில் எழுதப்பட்டன, அவற்றை எழுதியவர்களுக்கும் அன்றைய யூத சமயத்துக்கும் என்ன உறவு என்று படிக்கப்போகிறேன் என்கிறாள். இரண்டுக்கும் ஒரே கல்லூரியில் சேர வேண்டியிருக்கலாம். ஆனால் வேலை வேறு.

நீங்கள் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் எனக்கு ஒன்று காட்டினாள். மத்தேயு ஒன்பதாம் அதிகாரத்தில் பெரும்பாடுள்ள (நீண்ட நாள் ரத்தப்போக்கு உள்ள) ஸ்திரீ இயேசுவின் பின்னால் வந்து அவருடைய வஸ்திரத்தின் "ஓரத்தை"த் தொடுகிறாள். அதே மத்தேயு இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் பரிசேயர் (அன்றைய யூத சமயத்தின் ஒரு பிரிவினர்) தங்கள் வஸ்திரங்களின் "தொங்கல்களைப்" பெரிதாக்குகிறார்கள் என்று இயேசு கண்டிக்கிறார். தமிழில் இரண்டு சொல். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் கிராஸ்பெடோன் என்ற ஒரே சொல். எண்ணாகமம் 15-இல் இஸ்ரவேலர் உடையின் ஓரங்களில் இளநீல நாடாவோடு தொங்கல் கட்டவேண்டும் என்ற கட்டளை இருக்கிறதே, அதைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் பார்த்தால் அங்கேயும் இதே சொல்தான். கிராஸ்பெடோனுக்கு வெறும் ஓரம் என்ற பொருளும் உண்டு, ஆகவே தமிழில் பெயர்த்தவர்கள் தப்புச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தமிழை மட்டும் வாசிக்கிறவருக்குத் தொங்கல் பரிசேயருடையதாகவும், இயேசுவின் உடை நம் ஊர் வேட்டி போலவும் தெரிகிறது. கிரேக்கத்தில் வாசித்தால் அவரும் யூதர்களின் வேதச் சட்டமான நியாயப்பிரமாணத்தின்படி தொங்கல் கட்டி நடந்த ஒரு யூதராகத் தெரிகிறார்.

இதை அவள் போனில் மூலமும் மொழிபெயர்ப்பும் வரிக்கு வரி சேர்ந்து வரும் ஒரு இணைவரிப் பைபிளை வைத்துத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள், அண்ணாச்சி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் பொறியியலோ மருத்துவமோ வேண்டும் என்று என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்த பிள்ளைகளில் இந்த மாதிரிக் கண்ணோடு வந்தவர்கள் ரொம்பக் குறைவு. அதனால்தான் வேண்டாம் என்று என்னால் எளிதாகச் சொல்ல முடியவில்லை.

இந்தத் துறை எழுபது எண்பது வருஷத்தில் நிறைய மாறிவிட்டது. 1947-இல் சாக்கடல் ஓரத்தில் கும்ரான் குகைகளிலிருந்து தோல்சுருள்கள் கிடைக்கத் தொடங்கின. இயேசுவின் காலத்தை ஒட்டிய யூதர்கள் கையால் எழுதிய நூல்கள் அப்படியே கைக்கு வந்தன. 1973-இல் கேசா வெர்மெஸ் என்ற ஆய்வாளர் இயேசுவை அவருடைய யூதப் பின்னணியில் வைத்து எழுதினார். 1977-இல் ஈ.பி. சாண்டர்ஸ் என்ற ஆய்வாளர், புதிய ஏற்பாட்டுக் கடிதங்கள் பலவற்றை எழுதிய பவுலின் காலத்து யூதம் என்பது நாம் பிரசங்கத்தில் கேட்கிற மாதிரி வெறும் சட்டக்கணக்கு மதம் இல்லை என்று யூத மூலநூல்களை வைத்தே வாதாடினார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. 2019-இல் ரோமில் உள்ள பாப்பரசர் விவிலிய நிறுவனத்தில் ஏமி-ஜில் லெவின் என்ற யூதப் பேராசிரியர் புதிய ஏற்பாடு நடத்தினார். அங்கே அந்தப் பாடம் நடத்திய முதல் யூதர் அவர்தான். இன்று இத்துறைக்கு வருகிறவர் ஜோசபஸ், பிலோ என்ற முதல் நூற்றாண்டு யூத எழுத்தாளர்கள், மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு என்று யூத நூல்களையும் படித்தே ஆக வேண்டும்.

படிப்புப் பாதைக்கு வருகிறேன். பி.ஏ. இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். அதை முடித்தே ஆக வேண்டும், இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒரு பட்டம் கையில் இருந்தால் பின்னால் பி.எட்., போட்டித் தேர்வு என்று எந்தப் பக்கமும் திரும்பலாம். அப்புறம் செராம்பூர் பல்கலைக்கழகத்தின் பி.டி. என்ற இறையியல் இளநிலைப் பட்டம். 1818-இல் வில்லியம் கேரி முதலிய மிஷனரிகள் தொடங்கிய செராம்பூர் கல்லூரியிலிருந்து வந்தது அது. பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி, மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல் இறையியல் கல்லூரி எல்லாம் அதன் இணைப்பில் உள்ளவை. பட்டதாரிகளுக்கு நான்கு வருஷம். பி.டி. படித்தால் ஆயராகியே தீரவேண்டும் என்பதில்லை. அதற்கு மேல் எம்.டி.எச். என்ற இறையியல் முதுகலை, இரண்டு வருஷம், அங்கேதான் புதிய ஏற்பாடு சிறப்புப் பாடம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவ ஆய்வுத் துறையில் எம்.ஏ. படிப்பதும் ஒரு வழி, ஆனால் அந்த வழியில் போனால் மூலமொழிகளைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

எங்கேயோ ஒரு கட்டடத்தில் பலகை மாட்டி, ஆறு மாதத்தில் இறையியல் டாக்டர் பட்டம் தருகிறோம் என்கிறவர்கள் நிறைய. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வெளிநாடு பற்றி. ஆக்ஸ்போர்டில் கிரேக்க-ரோமானிய உலகில் யூதமும் கிறிஸ்தவமும் என்றே ஒரு எம்.பில். இருக்கிறது. பாப்பா அதைத்தான் குறித்து வைத்திருக்கிறாள். ஆசை சரிதான். ஆனால் உதவித்தொகை கிடைக்காமல் அங்கே போகக் கூடாது. சில வருஷம் முன்னால் என்னிடம் வந்துபோன ஒரு பையன், வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் ஒரு வருஷ முதுகலை படித்தான். அங்கே எபிரேயமும் கிரேக்கமும் பெயரளவுக்குத்தான். பிஎச்.டி.க்கு விண்ணப்பித்த இடமெல்லாம் மொழிப் பயிற்சி போதாது என்று திருப்பிவிட்டார்கள். கடன் மட்டும் மிஞ்சியது. அவனை அனுப்பும் முன் பாடத்திட்டத்தை வாங்கி நான் வரிவரியாகப் பார்த்திருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. இடம் கிடைத்தால் கட்டணம் தள்ளுபடியும் மாதச் செலவுக்குத் தொகையும் சேர்ந்தே வரும். ஆனால் ஓர் இடத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் போட்டி. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. அங்கே ஜெர்மன் மொழி நன்றாக வர வேண்டும். எங்கே போனாலும் இத்துறையில் ஜெர்மன் வாசிக்கத் தெரியாமல் ஆய்வு செய்ய முடியாது, அதனால் அந்த உழைப்பு வீணாகாது.

இப்போது சாப்பாட்டுக் கேள்வி. வருஷத்தைக் கூட்டிப் பாருங்கள். இன்று 20 வயது. பி.ஏ. முடிய 21, பி.டி. முடிய 25, எம்.டி.எச். 27, முனைவர் பட்டம் முடிய 32 ஆகிவிடும். இறையியல் கல்லூரிகளில் ஆசிரியர் வேலை உண்டு, சம்பளம் அரசுக் கல்லூரி அளவுக்கு இருக்காது. வேதாகமச் சங்கம் போன்ற அமைப்புகளில் மொழிபெயர்ப்புப் பணி உண்டு. நம் நாட்டில் பழங்குடி மொழிகள் பலவற்றில் இன்னும் வேலை நடக்கிறது, கிரேக்கமும் எபிரேயமும் தெரிந்தவர்கள் அங்கே தேவை. பதிப்பு, சுவடி நூலகம் என்று சில கதவுகள் உண்டு. மேல்நாட்டில் நிரந்தரப் பேராசிரியர் வேலை, முனைவர் பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் மிகக் கொஞ்சம். அங்கேயே செமினரிகள் (இறையியல் கல்லூரிகள்) மூடப்படுகின்றன, ஒன்றோடொன்று சேர்க்கப்படுகின்றன. ஆகவே பெரிய வருமானம் என்ற எண்ணத்தோடு இதில் இறங்க வேண்டாம். சிக்கனமாக ஒரு குடும்பம் நடத்தலாம், அவ்வளவுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

கல்யாணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கிறது என்று தெரியும். படிப்பின் நடுவில் கல்யாணம் முடித்து ஆய்வைத் தொடர்கிற பெண்கள் இருக்கிறார்கள். வரன் பார்க்கும்போதே அவள் படிப்பை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

விசுவாசம் போய்விடுமோ என்று வீட்டில் அக்கா கேட்டதாகச் சொன்னீர்கள். ஆட்டம் காணாது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சிறுவயதில் கேட்டதெல்லாம் அப்படியே நிற்காது. பரிசேயன் என்பதை வசைச்சொல்லாகவே பழகியவளுக்கு, பவுலே பிலிப்பியரில் தன்னைப் பரிசேயன் என்று சொல்கிறார் என்று நின்று யோசிக்க வேண்டிவரும். யூதர்களைப் பற்றிச் சபைகளில் எவ்வளவு தவறாகப் பேசிவந்திருக்கிறோம் என்று தெரியும்போது வலிக்கும். அந்த நேரத்தில் வீட்டில் பேச ஆள் வேண்டும். அக்காவிடம் சொல்லுங்கள், அவள் கேள்வியோடு வரும்போது வாயை அடைக்காமல் கேட்டால் போதும்.

நான் சொல்லும் ஒரே சோதனை இதுதான். இப்போதிலிருந்து அடுத்த மே வரை தினமும் ஒரு மணி நேரம் கிரேக்கம். துறையின் மேல் ஆசைப்படுகிறவர்கள் பலர், வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்ய உட்காருகிறவர்கள் சிலர். நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. வேற்றுமை உருபு என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்திலேயே தெரிந்துவிடுகிறது. கிரேக்கத்தின் ஐந்து வேற்றுமைகளைச் சொல்லிக்கொடுக்கும்போது, "இது நம் கு உருபு மாதிரி" என்றால் பெரும்பாலும் பிடித்துக்கொள்வார்கள். அதையும் தாண்டி அவளுக்குச் சலிக்கிறதா, இல்லை ராத்திரி விளக்கை அணைக்கச் சொல்லி நீங்கள் சத்தம் போட வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த ஜூனில் நீங்கள் மூன்று பேரும் வாருங்கள். அவள் நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மாற்கு முதல் அதிகாரத்தைத் திறந்து வைத்து வாசிக்கச் சொல்வேன், அதைக் கேட்ட பிறகு பி.டி. விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவோம்.